கல்லடியில் ஒரு ரொக்கெட் அலுமாரி

மட்டக்களப்புக்குப் போய் வந்தேன் என்றால் அடுத்த கேள்வி, மீன் பாடுவதைக் கேட்டாயா என்பதுதான். கேட்கவில்லை. நிலவு நன்றாக இருக்கிற இரவில் தோணி பிடித்து வாவிக்குள் போக வேண்டுமாம். நான் போனது தேய்பிறையில். போன காரியமும் வேறு. கல்லடியில் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், விமானம், ரொக்கெட், விண்வெளிப் பயணம் என்று இளவயதிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் பைல்களைப் பார்க்கப் போனேன். அவரிடம் படித்த நண்பன் ஏற்பாடு செய்து தந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே சேர் என்றே எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையில் காலை உதயதேவி ரயிலில் ஏறினால் பிற்பகலில் மட்டக்களப்பு. வெலிக்கந்தை வரைக்கும் தூங்கலாம், அதற்கப்புறம் தூங்குவது பாவம். ஸ்டேஷனிலிருந்து ஓட்டோ பிடித்துக் கல்லடிப் பாலத்தைக் கடந்தேன். பழைய இரும்புப் பாலத்தில் இப்போது நடக்கிறவர்களும் சைக்கிள்காரரும்தான். வாகனங்கள் பக்கத்துப் புதுப் பாலத்தில்.

சேரின் வீட்டில் இரும்பு அலுமாரி ஒன்று. கதவைத் திறந்தால் எல்லாப் பைலிலும் ஒரே மாதிரி லேபல்: 'உயர்தரம் – பௌதிகவியல் – பயிற்சி வினாக்கள்'. ஒன்றை எடுத்து விரித்தேன். உள்ளே ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கியின் 1903 ரொக்கெட் சமன்பாடு, பக்கத்தில் சேரின் பென்சில் கணக்கு.

"தொண்ணூறாம் ஆண்டு 'ரொக்கெட்' எண்டு எழுதின பைலோட சோதனைச் சாவடியில நிண்டிருந்தா, இப்ப உங்களோட கதைச்சிட்டு இருக்க மாட்டன் தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குறுக்குவெட்டு வரைபடம் இருந்த தாள்கள் பலவற்றை அந்தக் காலத்தில் அடுப்பில் போட்டிருக்கிறார். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் ஏன் லேபலை மாற்றவில்லை என்று கேட்டேன். பழகிவிட்டதாம்.

அடுப்புக்கு முன்னும் பின்னும் வேறு அழிவுகள். 1978 நவம்பர் சூறாவளி கூரையோடு அப்பல்லோ காலத்துப் பத்திரிகை நறுக்குகளையும் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டு முழுக்க உப்புநீர். அந்தத் தாள்களைக் கொடியில் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். இப்போதும் விளிம்பில் பழுப்புக் கோடு தெரிகிறது.

பைல்களை அடுக்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் எரிச்சலும் தந்தது. ஆண்டு வரிசை இல்லை, நாட்டு வரிசை இல்லை, மாத வரிசை (எங்கள் வழக்கில் தை என்றால் ஜனவரி, மார்கழி என்றால் டிசம்பர்). பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் 'இன்றைய நாளில்' என்று இரண்டு நிமிடம் பேசுவதற்காகத் தொடங்கிய வழக்கம். அதனால் மார்கழியில் ரைட் சகோதரர்களின் 12 செக்கன் முதல் பறப்பும், விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் 1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்த கதையும் ஒரே உறையில். ஐப்பசியில் 1942 அக்டோபர் 3 அன்று வெற்றியாகப் பறந்த ஜெர்மன் ரொக்கெட் வீ-2, அதற்குப் பின்னால் 1957 அக்டோபர் 4 அன்று போன முதல் செய்மதி ஸ்புட்னிக். ஒரு விஷயத்தைத் தொடர்ச்சியாகப் படிக்க நினைத்தால் பன்னிரண்டு பைலையும் இறக்க வேண்டும்.

பங்குனிப் பைலில் அமெரிக்க ரொக்கெட் முன்னோடி கொடார்ட். 1926 மார்ச் 16, மசாசூசெட்ஸில் ஓர்பேர்ண் என்ற ஊரின் ஒரு பண்ணை. திரவ ஒட்சிசனும் பெற்றோலும் எரிந்து பறந்த முதல் ரொக்கெட். இரண்டரைச் செக்கன், 12.5 மீற்றர் உயரம், 56 மீற்றர் தள்ளி விழுந்தது. படத்தைக் காட்டி, "எஞ்சின் எங்க இருக்கு பாருங்க" என்றார். மேலே இருந்தது. தாங்கிகள் கீழே. மேலே இருந்து இழுத்தால் தாங்கிகள் ஊசல் குண்டு மாதிரித் தொங்கி ரொக்கெட்டை நேராக வைத்திருக்கும் என்ற எண்ணம். அது தவறு. எஞ்சினும் உடலும் விறைப்பாக ஒன்றாகப் பிணைந்திருப்பதால், ரொக்கெட் சரிந்தால் உந்துவிசையும் சேர்ந்தே சரியும். நிமிர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. கொடார்ட் பின்னால் எஞ்சினைக் கீழே கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் ரொக்கெட் செய்த பிள்ளைகளும் வருடா வருடம் இதே யோசனையோடு வருவார்களாம். சேர் திருத்த மாட்டார், ஏவிப் பார்க்க விடுவார்.

ஆடிப் பைலில் அதே கொடார்ட்டின் வால் கதை. வெற்றிடத்தில் ரொக்கெட் வேலை செய்யாது என்று 1920 ஜனவரியில் அவரை நக்கலடித்து ஆசிரியர் தலையங்கம் எழுதியது நியூயோர்க் டைம்ஸ். அப்பல்லோ 11 சந்திரனுக்குப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று வருத்தம் தெரிவித்தது. கொடார்ட் 1945இலேயே இறந்துவிட்டார்.

சித்திரைப் பைல்தான் எல்லாவற்றிலும் தடிப்பு. ககாரினின் 108 நிமிடம், அப்பல்லோ 13, கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பறப்பு எல்லாம் அந்த மாதம்தான். ஆனால் தடிப்புக்குக் காரணம் இந்த ஊர்க் கடல். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அது. ஆனால் 1924இல் அது கடற்படையில் சேர்வதற்கு முன்பே ஜப்பான் தன் விமானந்தாங்கி ஹோஷோவைச் சேவையில் இறக்கிவிட்டது. தாக்குதல் வருகிறதென்று முந்திய இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே விலகியது ஹேர்மஸ்; திரும்பி வருகையில் ஜப்பானிய உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. தன் விமானங்கள் கரையில் நிற்க, விமானம் இல்லாத விமானந்தாங்கியாக, ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. 307 பேர் இறந்துபோனார்கள். அருகே வந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரை ஏற்றியது. சிதைவு இன்றைக்கும் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பழகிய சுழியோடிகள் போகிறார்கள். எனக்கு அந்த ஆழம் சரிவராது, பைலே போதும்.

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குக்கு மெலிந்த உறை ஒன்றுதான். வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் நிலைத்த சுற்றுப்பாதைச் செய்மதிகள் மூன்றால் உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று 1945இல் எழுதியவர், 1956இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்தவர். கொழும்புக்காரர் நிறைய எழுதிவிட்டார்கள் என்பது சேரின் சாட்டு. எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. இராவணா-1க்கும் ஒரே ஒரு தாள். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட இலங்கையின் முதல் செய்மதி.

பிளேன்டீ வந்தது. கையில் கோப்பையோடு, மாதம் எழுதாத ஒரு கொப்பியை எடுத்தார். இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலாகத்தான் பறக்க வேண்டும். கழன்று விழும் துண்டுகள் ஆட்களின் தலையில் விழலாம். ஆகவே முதலில் தென்கிழக்காகப் போய், தீவைத் தாண்டும் அளவில் பாதையைத் தெற்கே திருப்புகிறார்கள். திருப்பம் சும்மா வராது. கொப்பியில் சேர் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டிருந்தார்: செக்கனுக்கு 4 கிலோமீற்றரில் போகும் பொருளை 10 பாகை மட்டும் திருப்பினாலே செக்கனுக்கு ஏறத்தாழ 700 மீற்றர் வேக மாற்றம் வேண்டும். அந்த எரிபொருளின் எடைக்குச் செய்மதியைக் குறைக்க வேண்டும்.

"எங்கட நாட்டில ரொக்கெட் இல்லதான். ஆனா இந்தியாட ரொக்கெட் எங்களுக்கு வரி கட்டிப் போட்டுத்தான் போகும்" என்றார்.

வானம் தெளிந்த சில மாலைகளில், ஏவல் நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போய் நிற்பாராம். கிழக்கு வானில் நகரும் ஓர் ஒளிப்பொட்டு, சில நிமிடம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிவிட்டார்கள். அங்கிருந்து தெற்கே நேராகக் கடல்தான். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ரொக்கெட்டுகளுக்கு வளைந்து போகும் வேலை இல்லை. அந்தச் செய்தியும் வெட்டி ஒட்டி மாசிப் பைலில் இருக்கிறது.

"அப்ப உங்களுக்கு நட்டம்தானே சேர்?" என்றேன்.

"சின்னதெல்லாம் இனி மன்னார்க்காரர் பார்க்கட்டும்" என்று கொப்பியை மூடினார். "பிஎஸ்எல்வி இன்னும் எங்கட பக்கம்தான்."