ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேட்ட பையன்

என் மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு வயது 5, எடை 17 கிலோ. கீமோ என்றால் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்தே வாரத்தில் இருபத்தொன்றரைக் கிலோவாகி நின்றான்.

முதல் கட்டத்துக்குப் பெயர் இண்டக்‌ஷன். ஆஸ்பத்திரி பக்கத்தில் நாங்கள் எடுத்திருந்த வாடகை அறையில் இருந்த அடுப்புக்கும் அதே பெயர்தான். முதுகில் ஊசி, கையில் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து, கூடவே தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. முதல் வாரம் முடிவதற்குள் பசி ஆரம்பித்துவிட்டது. அது சாதாரணப் பசி இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, இட்லி" என்பான். ஆறு இட்லி போன பிறகு உருளைக்கிழங்கு வறுவல் கேட்பான், அதுவும் உப்பு தூக்கலாக. வெளிச் சாப்பாடு கூடாது, சுடச்சுடச் சமைத்ததுதான் கொடுக்க வேண்டும் என்பதால் அந்த நேரத்திலும் நான் அடுப்பை ஆன் பண்ணுவேன். ஒருநாள் முடியாமல் அதட்டிவிட்டேன். தன் கையையே கடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் நர்ஸம்மாவிடம் சொன்னபோது, "அவன் கேக்கலம்மா, மருந்து கேக்குது. திட்டாதீங்க" என்றார். அதற்குப் பிறகு திட்டியதில்லை.

முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது. டிரவுசர் எலாஸ்டிக் இடுப்பில் சிவப்பாகக் கோடு போட்டது. எலாஸ்டிக்கை அறுத்துவிட்டு நாடா கோத்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கன்னத்தைப் பாரு, பையன் நல்லா தேறிட்டான்" என்று சந்தோஷப்பட்டார்கள். என் மாமியார் நெய் பாட்டிலோடு வந்தார். கொஞ்ச நாள் நானும் அதை நம்பினேன், பொய் சொல்வானேன்.

பிஸியோதெரபி அக்காதான் என் கண்ணைத் திறந்தவர். அவனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். ரெண்டு கையையும் தொடையில் ஊன்றி, தாத்தா மாதிரி மெதுவாக நிமிர்ந்தான். வயிறும் முகமும்தான் பெருத்திருந்தன. தொடை, கெண்டைக்கால் எல்லாம் சூம்பிக் கிடந்தன. ஏறிய எடையில் பாதி கொழுப்பு, பாதி நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தசை கரைந்துகொண்டிருக்கிறது என்றார். டயட்டீஷியன் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, மாற்றத்தான் சொன்னார். அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் நின்றன. உப்பு போனாலே வீக்கம் கொஞ்சம் வடியும், பி.பி.யும் ஏறாது. நெய்யும் எண்ணெய்ப் பலகாரமும் போயின, ஏனென்றால் கூடவே போடும் அஸ்பராஜினேஸ் என்ற கீமோ ஊசி கணையத்தைப் பதம் பார்க்கக்கூடியது. சர்க்கரையும் ஏறலாம் என்று விரல் நுனியில் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராத்திரிப் பசிக்கு முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த பாசிப்பயறு சுண்டல். இட்லி ரெண்டோடு நிறுத்தி, சாம்பாரில் காயைக் கூட்டினேன். சாயங்காலம் படிக்கட்டில் நாலு படி ஏறி இறங்குவோம்.

எடை ஏறுகிறதே என்று ஸ்டீராய்டை நாமாகக் குறைத்துவிடக் கூடாது. பக்கத்து அறையில் ஒரு அம்மா அப்படிச் செய்ய நினைத்தார், டாக்டர் பதறிவிட்டார். வியாதியை அடக்கும் முக்கிய மருந்துகளில் அந்த மாத்திரையும் ஒன்று, திடீரென நிறுத்தினால் உடம்பும் தாங்காது. படிப்படியாக அவர்களே குறைத்தார்கள். நிறுத்திய ஆறு வாரத்தில் முகம் வடிந்து 19 கிலோவுக்கு வந்தான்.

இப்போது மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் கட்டம். மாதத்தில் ஐந்து நாள் மட்டும் ஸ்டீராய்டு. மூன்றாம் நாள் பசி வரும், எரிச்சலும் வரும், அதற்கு முந்தின நாளே சுண்டலுக்கு ஊறப்போட்டு வைப்பேன். ஒவ்வொரு தடவையும் உயரமும் எடையும் பார்த்துத்தான் மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு அவனே மெஷினில் ஏறி நின்றான். 21.2. "ஆன்ட்டி, இந்தத் தடவை மாத்திரை கூடுமா?"