ஏழு தடவை ஆமாம்

வெளியூர்ப் போன் கால்களை இணைத்துக்கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளை யாரும் பேசி ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. 1983இல் கும்பகோணத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 2020 ஜனவரி 31 அன்று, பிஎஸ்என்எல்லில் அத்தனை பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்களே, அந்தக் கூட்டத்தோடு நானும் வெளியே வந்தேன். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று ஊர்ப்பட்ட அவசரங்களைக் காதில் வாங்கியவள். இப்போதும் 'மும்பை போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் பார்சல், டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எவனாவது ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் வைத்துவிடுவேன். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. (பணம் அனுப்பித் தொலைத்துவிட்டவர்கள் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். முந்தினால்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.)

நான் ஏமாந்தது நேரில். அதுவும் முப்பது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில்.

ஓய்வுப் பணத்தில் போட்டிருந்த ஐந்து லட்சம் எஃப்டி முதிர்ந்திருந்தது. புதுப்பிக்கப் போனேன். வழக்கமான கவுண்டரில் விடாமல் ஒரு பெண் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். 'அம்மா, நாலு லட்சத்தை எஃப்டியிலேயே வையுங்கள். ஒரு லட்சத்தை மட்டும் இந்த ஸ்கீமில் போடுங்கள். எஃப்டி மாதிரியேதான், வட்டி கூட' என்றாள். எனக்கு அறுபத்து நாலு வயது என்றதும் 'அறுபத்தைந்து வரைக்கும்தான்மா எடுக்க முடியும், நல்ல நேரத்தில் வந்தீர்கள்' என்று வேறு சொன்னாள். அதில் விழுந்துவிட்டேன். கடைசிப் பஸ் என்றால் எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறுகிற புத்தி நமக்கு.

டேப்லெட்டில் கையெழுத்து. மூன்று தடவை ஓடிபி. ஒவ்வொரு தடவையும் 'வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா' என்றாள், சொன்னேன். வாசலில் அறிமுகம் இல்லாதவன் கேட்டால் கொடுத்திருப்பேனா?

அப்புறம் சொன்னாள்: 'கம்பெனியிலிருந்து ஒரு கால் வரும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஃபைல் திரும்பி வந்துவிடும்.' மறுநாள் மதியம் வந்தது. பாலிசி கொடுக்கும் முன் வாடிக்கையாளரிடம் சரிபார்க்கும் கால் அது. பதிவு செய்வார்கள். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்பது தெரியுமா? ஆமாம். இது வங்கி டெபாசிட் அல்ல என்று விளக்கினார்களா? ஆமாம். பலன் அட்டவணையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்களா? ஆமாம். மொத்தம் ஏழு கேள்வி. என்னைக் காப்பாற்றுவதற்காக வைத்த கேள்விகள் அவை. பிபி கால் என்று எங்கள் காலத்தில் ஒன்று உண்டு. கேட்ட ஆளே லைனுக்கு வந்தால்தான் இணைப்போம். அன்றைக்கு லைனில் வந்தது நான்தான், ஆனால் பேசியது அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த பதில்.

பத்தொன்பது நாள் கழித்துப் பென்ஷன் விவரம் ஒன்றைத் தேடி ஜிமெயிலைத் திறந்தேன். மகன் போனில் போட்டுக்கொடுத்தது, நான் எட்டிப் பார்ப்பதே இல்லை. பாலிசிப் பத்திரம் அதில் படுத்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தால்: ஆண்டுப் பிரீமியம் ஒரு லட்சம், செலுத்தும் காலம் 7 ஆண்டு, பாலிசிக் காலம் 12 ஆண்டு. ஒரு தடவை போட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தது, ஏழு லட்சம் கட்டிவிட்டு எழுபத்தாறு வயதில் வாங்கிக்கொள்ளும் ஆயுள் காப்பீடு! அடுத்த வருஷம் ஒரு லட்சத்துக்கு எங்கே போவேன்?

அன்றிரவு தூக்கமில்லை. காலையில் வங்கிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. 'அம்மா, இந்த மாத டார்கெட்டில் உங்களுடையது ஒன்றுதான்' என்றாள். பாவமாகத்தான் இருந்தது. மேலாளர் வந்து, இரண்டு வருஷம் கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். பாலிசி வேண்டாம் என்று நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாங்கிக்கொள்ள மட்டும் இருவருக்கும் மனசில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது, வங்கி இதில் வெறும் ஏஜென்ட், பத்திரம் கொடுத்தது வேறு கம்பெனி. வங்கி திவாலானால் ஐந்து லட்சம் வரை கிடைக்கும் என்கிறோமே, அந்த டெபாசிட் காப்புறுதி எஃப்டிக்குத்தான். அங்கே வாங்கினோம் என்பதற்காகப் பாலிசிக்கு அது வராது.

எங்களோடு வேலை பார்த்த ஒருவர் காப்பீட்டு முகவராக இருக்கிறார். அவர்தான் 'ஃப்ரீ லுக்' என்பதைச் சொன்னார். பத்திரம் தாளாகவோ மின்னஞ்சலிலோ வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். முன்பு பொதுவாக 15 நாள்தான், 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீட்டியது. முப்பது நாளும் கம்பெனிக்கு நாம் சொல்வதற்கு, வங்கிக்காரரோடு வாக்குவாதம் செய்வதற்கு அல்ல என்று அழுத்திச் சொன்னார். நான் தபாலில் கனமான உறை ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வராத உறைக்காகக் காத்திருந்தே முக்கால்வாசி நாள் போயிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் பஸ் ஏறித் திருச்சியில் அந்தக் கம்பெனியின் கிளைக்குப் போனேன். கடிதம் நாலு வரி. பாலிசி எண், பத்திரம் வந்த தேதி, நிபந்தனைகள் எனக்கு ஒத்துவரவில்லை, ஃப்ரீ லுக்கில் ரத்து செய்க. கூடவே ரத்து செய்த காசோலை. அங்கே இருந்த இளைஞர் 'வெரிஃபிகேஷன் காலில் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே மேடம்' என்றார். ஒப்புக்கொண்டேன், அதனால் என்ன? ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கும் வேலையே இதில் கிடையாது. முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் போதும். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். போன் பழுது என்று 198க்குப் புகார் சொன்னவர்களுக்கு டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், கொடுத்துப் பழகிய கை. எண் இல்லாத புகார் காற்றில் போன புகார்.

அடுத்த வாரம் 99 ஆயிரத்துச் சொச்சம் கணக்கில் ஏறியது. காப்பு இருந்த நாட்களுக்கான கட்டணம், முத்திரைக் கட்டணம் கழித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான்.

முப்பது நாள் தாண்டிப்போனவர்களுக்கு வழி கொஞ்சம் நீளம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் இலவச எண் 155255. ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் அங்கே ஏமாற்றப்பட்டதைக் காட்ட வேண்டிவரும், அப்போது நீங்கள் சொன்ன ஏழு ஆமாமும் எதிரே வந்து உட்காரும்.

அந்த ஒரு லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். நான் போட்டபோது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 2,050 ரூபாய் வருகிறது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காபியும் இல்லை.

போன மாதம் ஒரு கால் வந்தது. இன்சூரன்ஸ் ஆணையத்திலிருந்து பேசுகிறோம், நீங்கள் ரத்து செய்த பாலிசியில் போனஸ் 1 லட்சத்து 40 ஆயிரம் நிற்கிறது, 12 ஆயிரம் கட்டினால் விடுவிப்போம் என்றான். நல்ல தமிழ், தெளிவான குரல், எக்ஸ்சேஞ்சில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆணையம் பாலிசியும் விற்காது, போனஸும் கொடுக்காது. இருந்தாலும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு வாங்கும் இடத்தில், 'சரி தம்பி, டாக்கெட் நம்பர் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்றேன்.

லைன் கட்.