குளவிக் கூடும் ஆறு நாளும்: ஒரு மே மாத நாட்குறிப்பு

மே 2, 2025, வெள்ளி

எழுதும் மேசைக்கு எதிரே, ஜன்னல் சட்டத்தில் குளவி ஒன்று மண் கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண் பார்த்துவிட்டு, "குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் அம்மா, இடித்துவிடாதீர்கள்" என்றாள். இந்த வீட்டில் இருப்பது 66 வயதில் நான் ஒருத்திதான். வேதாகமத்துச் சாராளுக்கு 90 வயதில் பிறக்கவில்லையா என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வி.பி.எஸ்., அதாவது சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி, தொடங்குகிறது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். பாடம் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். 31 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். வாரத்தில் ஐந்து நாள் பரிணாமம், ஞாயிறு காலையில் ஆறு நாள் படைப்பு. இரண்டையும் ஒரே வாயால்தான் சொன்னேன். ஒரே இடத்தில் மட்டும் சொன்னதில்லை.

மே 5, திங்கள்

எதிர்பார்த்தது முதல் நாளே வந்தது. கடைசி பெஞ்சில் பல் விழுந்த பையன் எழுந்து, "டைனோசர் எத்தனையாவது நாள், டீச்சர்?" என்றான். "ஆறாம் நாள்" என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். அவன் உட்காரவில்லை. "அப்படியானால் மனுஷன் வந்த அதே நாளா?" மணி அடித்தது. இத்தனை வருடத்தில் மணிச்சத்தம் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய ஆங்கில வேதாகமத்தை எடுத்தேன். முதல் பக்கத்து ஓரத்தில் கி.மு. 4004 என்று அச்சாகியிருக்கிறது. அயர்லாந்துப் பேராயர் அஷ்ஷர் 1650-ல் வெளியிட்ட கணக்கு அது. வேத வசனம் அல்ல. வம்ச அட்டவணைகளில் வரும் வயதுகளையும், பாபிலோனிய, பாரசீக அரசர்களின் காலங்களையும் கூட்டி, அந்தக் காலத்துப் படிப்பில் செய்யக்கூடியதை நேர்மையாகவே செய்திருக்கிறார். ஓரத்தில் அச்சானதை வசனத்துக்குச் சமமாக்கியது அவருக்குப் பின்வந்த நாம். பூமியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்பது 1956-லேயே விண்கற்களின் ஈயத்தை அளந்து கிடைத்துவிட்டது. அப்பா 4004-ன் அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நம்பிப் போட்டாரா, சந்தேகப்பட்டுப் போட்டாரா, இனி யாரைக் கேட்பது?

மே 6, செவ்வாய்

இரவெல்லாம் முதல் அதிகாரத்தைப் பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசித்தேன். சிறுவயதில் மனப்பாடம் செய்தது. மனப்பாடமானதை யார் வாசித்துப் பார்க்கிறார்கள்?

அந்தக் "கடவது" என்னைப் பிடித்துக்கொண்டது. "வெளிச்சம் உண்டாகக்கடவது" எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிராணிகள் வரும் இடத்தில் கட்டளை யாருக்குப் போகிறது? ஜலமானது ஜநிப்பிக்கக்கடவது, பூமியானது பிறப்பிக்கக்கடவது. கட்டளை பெறுவது தண்ணீரும் மண்ணும். அடுத்த வரியிலேயே தேவன் அவைகளைச் சிருஷ்டித்தார், உண்டுபண்ணினார் என்றும் வருகிறது. ஒரே காரியத்துக்கு இரண்டு வினைமுற்று! பூமி பிறப்பித்ததா, தேவன் உண்டாக்கினாரா என்ற கேள்வியே எழுதியவருக்குத் தோன்றவில்லை. நாம்தான் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருக்கிறோம்.

எழுதியவருக்கு டார்வினைத் தெரியும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூத்து எனக்குப் பிடிக்காது. சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. செடிகளோ மூன்றாம் நாளே முளைத்துவிடுகின்றன. இதை விஞ்ஞானப் பாடமாக்கினால் நானே மதிப்பெண்ணைக் குறைப்பேன். ஆனால் பாட்டாக வாசித்தால் கட்டு தெரிகிறது: முதல் மூன்று நாளில் இடங்கள், அடுத்த மூன்று நாளில் அவற்றின் குடிகள். வெளிச்சத்துக்கு நேராகச் சுடர்கள், வானத்துக்கும் தண்ணீருக்கும் நேராகப் பறவையும் மீனும், தரைக்கு நேராக மிருகமும் மனுஷனும். சூரியனைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை, "பெரிய சுடர்" என்பதோடு சரி. பக்கத்து நாட்டார் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூரியன் இல்லாமல் மூன்று சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். ஆறு நாளை ஆறு சூரிய நாளாக எடுக்க அவருக்குப் பின்வந்த சபைப் பிதா அகஸ்டினுக்கும் மனம் வரவில்லை. கடவுள் எல்லாவற்றையும் விதைபோல ஒரேயடியாக வைத்தார், அது காலத்தில் முளைத்தது என்று எழுதினார். டார்வினுக்குப் பயந்து பின்வாங்கியதாக இவர்களைச் சொல்ல முடியாது. டார்வின் பிறக்க இன்னும் 1,400 வருடம் கிடந்தது.

மே 7, புதன்

இன்று கால்டுவெல் பிறந்த நாள் (1814). பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அவரை நினைக்காமல் எப்படி? இடையன்குடியில் சபை நடத்திக்கொண்டே 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பம் என்று இலக்கணத்தைப் பிரித்துக் காட்டினார். டார்வினின் புத்தகம் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

பிள்ளைகளிடம் கேட்டேன்: "தமிழ் பேசிய எந்த அம்மா மலையாளம் பேசும் பிள்ளையைப் பெற்றாள்?" சிரித்தார்கள். அப்படி ஓர் அம்மா இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயின் மொழியைத்தான் பேசியது. ஆனாலும் மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு மொழி நிற்கிறது. எந்த நாளில் மாறியது என்று கோடு போட முடியாது. உயிரினங்களும் அப்படித்தான் என்றேன். பல் விழுந்த பையன், "அப்போ பாபேல் கோபுரம்?" என்றான். இவன் பின்னால் வக்கீலாகப் போகிறான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. ஆதியாகமம் 11-ல் மொழிகள் ஒரே இடத்தில், ஒரேயடியாகப் பிரிகின்றன. கால்டுவெல் காட்டியதோ மெல்லப் பிரிந்த குடும்பம். அதற்காக நம் ஊர்ச் சபைகளில் யாரும் அவரோடு சண்டைக்குப் போனதாக நான் கேட்டதில்லை. மெரினாவில் சிலை நிற்கிறது, அத்தியட்சர் என்று கொண்டாடுகிறோம். மொழிக்குக் கொடுத்த அனுமதியைக் குரங்குக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? மொழியில் நம் மானம் போகவில்லை, அவ்வளவுதான்.

மே 9, வெள்ளி

நேற்று இரவு பக்கத்து வீட்டில் புதிய போப்பின் அறிவிப்பைப் பார்த்தோம். லியோ என்று பெயர் எடுத்திருக்கிறார், கணிதப் பட்டதாரியாம். கத்தோலிக்கரான பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே பெருமை. பரிணாம விஷயத்தில் அவர்களுக்கு எங்களைவிடத் தலைவலி குறைவு. 1950-லேயே உடலின் தோற்றத்தைப் பற்றி ஆராயத் தடையில்லை என்று 12-ஆம் பியுஸ் எழுதிவிட்டார்; பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார் 1996-ல் இரண்டாம் ஜான் பால்; கடவுள் மந்திரக்கோல் வைத்திருக்கும் வித்தைக்காரர் அல்ல என்றார் 2014-ல் பிரான்சிஸ்.

எனக்குப் பிடித்தவர் அவர்களில் யாரும் அல்ல, லெமைத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார். பேரண்டம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டவர். 1951-ல் போப் பியுஸ் இதைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, சந்தோஷப்பட வேண்டிய அந்தப் பாதிரியாருக்கே அது பிடிக்கவில்லை. விஞ்ஞானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்பதுதான் அவர் எண்ணம்.

மே 13, செவ்வாய்

வி.பி.எஸ். முடிந்தது. உபதேசியார் வீடு தேடி வந்தார். கோபமாக வரவில்லை, காப்பி குடித்தார், குளவிக் கூட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டீச்சரம்மா, நாட்களை நீட்டுங்கள், சுருக்குங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆதாமை எடுத்துவிட்டால் இயேசு எதற்கு?"

ஆறு நாளைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான வாசலில் நிற்கிறார்கள். இவர் சரியான வாசலைத் தட்டினார். பவுல் எழுதிய ரோமர் நிருபம் 5:12: ஒரே மனுஷனாலே பாவம், பாவத்தினாலே மரணம். என் இரும்பு அலமாரியில் ஒரு கல் இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் காரையில் மாணவிகளோடு போனபோது எடுத்தது. ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட், அழிந்துபோன ஒரு கடல்பிராணியின் புதைபடிவம். ஏறத்தாழ 10 கோடி வருடத்துக்கு முன் அங்கே கடல் இருந்தபோது செத்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். "ஐயா, இது யாருடைய பாவத்தால் செத்தது?"

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தொடர்ந்தேன்: புசிக்கும் நாளில் சாகவே சாவாய் என்று ஆதாமுக்குச் சொல்லப்பட்டது, அவனோ 930 வருடம் இருந்தான். ஒன்று அந்த நாள் நாள் அல்ல, அல்லது அந்தச் சாவு சாவு அல்ல. "அது ஆத்தும மரணம்" என்றார். "அப்படியானால் இந்தப் பிராணி பாவம் ஏதும் இல்லாமல் சாகலாம் அல்லவா?" அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஆதாம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மனித மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளைக் கணக்கிட்டால் நம் மூதாதையர் கூட்டம் இரண்டு பேராக ஒருபோதும் சுருங்கியதில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்திருக்கிறது. எபிரேயத்தில் ஆதாம் என்றால் மனிதன், ஆதமா என்றால் மண். ஒவ்வொருவரின் கதைக்கும் அது பெயர் என்று சிலர் கொள்கிறார்கள். ஒரு கூட்டத்திலிருந்து அழைக்கப்பட்டவன் என்று வேறு சிலர். முதலாவது எனக்குச் சரியாகப் படுகிறது. பவுலை வாசிக்கும்போது மட்டும் இடறுகிறது. உபதேசியாரிடம் அப்படியே சொன்னேன். கல்லைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். கொடுத்தனுப்பினேன்.

மே 14, புதன்

குளவி இன்று பச்சைப் புழு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. புழு சாகவில்லை; கொட்டி முடக்கியிருக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதைப் பச்சையாக, உயிரோடு தின்னும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று நம் பெரியவர்கள் பக்திக்கு உவமை சொன்னார்கள். எவ்வளவு அழகான உவமை, எவ்வளவு தவறு!

டார்வினை உறுத்தியதும் இதுபோல உயிருள்ள புழுவைத் தின்னும் இன்னொரு வகைக் குளவிதான். நன்மையே உருவான கடவுள் இதை வேண்டுமென்று படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860 மே மாதம் ஆசா கிரேக்கு எழுதினார். கிரே ஹார்வர்டு தாவரவியலாளர், ஜெபிக்கிற மனிதர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர். சங்கீதம் 104-ல் பாலசிங்கங்கள் தேவனிடத்தில்தான் இரை தேடுகின்றன. அங்கே அது துதியாகவே பாடப்படுகிறது. சிங்கத்தோடு சேர்ந்து என்னால் பாட முடிகிறது. குளவியோடு முடியவில்லை.

மே 18, ஞாயிறு

வாலிபர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். இரண்டு விடைத்தாளில் ஒரே சரியான விடை இருந்தால் ஆசிரியை சந்தேகப்படமாட்டாள். ஒரே எழுத்துப்பிழை இருந்தால் விடமாட்டாள் என்று தொடங்கினேன். ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நாம் நெல்லிக்காயைத் தேடுகிறோம். அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகி முடங்கிக் கிடக்கிறது. சிம்பன்சியிடமும், மற்றக் குரங்குகளிடமும் அதே மரபணு முடங்கிக் கிடக்கிறது. பிறகு "கடவது" பற்றிச் சொன்னேன். ஆதாம் பற்றி எனக்கு எங்கே இடறுகிறது என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் நடுவில் எழுந்து போனார்கள்.

வாசலில் ஒரு பெரியவர், "பென்ஷன் வாங்கிய பிறகு தைரியம் வந்துவிட்டது போல" என்றார். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மே 30, வெள்ளி

கூட்டில் மூன்று அறை. இரண்டில் துளை விழுந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. மூன்றாவது மூடியே இருக்கிறது. பல் விழுந்த பையன் தன் அக்காவோடு வந்திருந்தான். புதுப் பல் பாதி முளைத்திருக்கிறது. துளைக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "புழு எங்கே?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மூன்றாவது அறையை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம், பொறு என்றேன். நாளை காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உபதேசியார் கல்லை இன்னும் திருப்பித் தரவில்லை.