உள்ளே காலியாத்தானே இருக்கு?

ஸ்பீக்கர் கிட் பார்சலைப் பிரித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். 18 மி.மீ. கனத்தில் எம்.டி.எஃப். பலகைகள் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தவை), அளவாக வெட்டி, ஓரத்தில் காடி எடுத்து அடுக்கியிருந்தன. "ஷூ ரேக்கா? இப்பவாவது வாங்கணும்னு தோணிச்சே" என்றாள் மனைவி. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர், முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, நானே செய்யப்போகிறேன் என்று சொன்னதும் ஹாலில் ஒரு நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நண்பர்கள் பயமுறுத்தியது கிராஸ்ஓவரை வைத்துத்தான். வருகிற சத்தத்தில் கீச்சென்று இருப்பதை ட்வீட்டருக்கும் கனமாக இருப்பதை வூஃபருக்கும் பிரித்து அனுப்புகிற போர்டு அது. சில கப்பாசிட்டர், சில காயில், ரெசிஸ்டர், அவ்வளவுதான். காயில்களை ஒன்றையொன்று பார்க்காதபடி குறுக்கு மறுக்காக உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் போய் வம்பு செய்யும். ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒயரும் டெர்மினலும் வாங்கி வந்து சால்டர் அடித்தேன், முடிந்தது.

ப்ளஸ், மைனஸ் சரியா என்று பார்க்க 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபரில் லேசாகத் தொட்டால் போதும். கூம்பு முன்னால் தள்ளினால் சரி. இந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். டக், டக், டக் என்று பேட்டரி சாகிற வரை சோதித்தாள். டிவி ரிமோட்டுக்கு இருந்த பேட்டரி அதுதான் என்று அப்புறம் தெரிந்தது.

பெட்டிகளை ஒட்டி, பிடிமானத்துக்குக் கயிறு கட்டிக் காயவைத்திருந்த இடத்தில் மனைவி நின்று யோசித்தாள். "உள்ளே காலியாத்தானே இருக்கு? பழைய போர்வை எதையாவது வைக்கலாமே?" உள்ளே இருக்கிற காற்றுதான் வூஃபருக்கு ஸ்பிரிங், எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதற்கே கணக்கு இருக்கிறது, 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும் 70களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த வேலையும்தான் அதற்கு அடிப்படை என்று சொல்லிக்கொண்டே போனேன். "சரி, அப்போ ரெண்டு லிட்டருக்கு மட்டும் வைக்கிறேன்" என்றாள்.

உண்மையான கூத்து வெனீரில் ஆரம்பித்தது. பலகை மேல் அழகுக்கு ஒட்டுகிற மெல்லிய மரத் தோல்தான் வெனீர். என்னுடையது தேக்கு, கனம் அரை மில்லிமீட்டர். சென்னையில் அப்போது ஐப்பசி மழை. பசை தடவியதும் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி, வெனீர் வாழைச்சருகு மாதிரி சுருண்டுகொண்டது. மறுபக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிமிரும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சாதாரண வெள்ளை ஃபெவிகாலைப் பலகையிலும் வெனீரிலும் மெல்லிசாகப் பூசி, கண்ணாடி மாதிரி தெளியும்வரை காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் பசை இளகி இரண்டும் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இதில் பிடித்தது, அவசரமே இல்லை என்பது. பிடிக்காதது, வீட்டில் இருப்பது ஒரே இஸ்திரிப் பெட்டி என்பது. அதைக் கேட்டு வாங்குவதற்குள், கிட்டைக் கஸ்டம்ஸிலிருந்து எடுப்பதே சுலபம் என்று தோன்றிவிட்டது.

நான் தேய்ப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுடா. பட்டுப்புடவைய இப்படித் தேச்சா பொசுங்கியே போயிருக்கும்." அப்பாவின் பழைய வேட்டித் துண்டை வெனீர் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நிதானமாகத் தேய்த்தார். அப்புறம் நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டு, "இங்க ஒட்டல, சத்தம் வேற மாதிரி வருது" என்றார். அவர் காட்டிய இடத்தில் பிளேடால் மர ரேகையோடு கீறி, ஊசி சிரிஞ்சில் பசை விட்டுத் தேய்த்தால் கச்சிதம். டால்பி, டி.டி.எஸ். என்று பேசித் திரிகிற எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இந்தக் காது கிடையாது.

மூன்றாம் மாடியில் வார்ட்ரோப் வேலை செய்துகொண்டிருந்த கார்ப்பென்ட்டர் அண்ணன், தேநீர் நேரத்தில் எட்டிப் பார்த்தார். "மைக்கா ஒட்டியிருந்தா அரை நாள் வேலை தம்பி" என்றார். அடுத்து, "தேக்குதான் வேணும்னா தேக்குலயே செஞ்சிருக்கலாமே?" திட மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், மூலையில் வாய் பிளக்கும், எம்.டி.எஃப். அப்படி அசையாது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உப்புத்தாளை ரேகையோடு எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தார். அரை மில்லிமீட்டரில் ஒரு இழுப்பு கூடினாலும் கீழிருக்கிற எம்.டி.எஃப். எட்டிப் பார்த்துவிடும்.

பாலிஷ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சீலர், மெலமைன், இரண்டு கை. தின்னர் நெடி தாங்காமல் எதிர் ஃபிளாட் மாமி ஜன்னலைச் சாத்திய சத்தத்தை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

தீபாவளிக்கு உறவினர்கள் வந்தார்கள். நல்ல சண்டைக் காட்சியாகப் பார்த்துப் போட்டேன். சித்தி பக்கவாட்டைத் தடவிப் பார்த்து, "மீதி வெனீர் இருக்கா? எங்க பூஜை அலமாரிக் கதவுக்குப் போடணும்" என்றார். அம்மா உடனே, "அடுத்த வாரம் கதவைக் கழட்டி எடுத்துட்டு வா, தேச்சுத் தரேன்" என்று ஆர்டர் எடுத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

சென்டர் ஸ்பீக்கர் மேல் மனைவி தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்திருந்தாள். பெட்டி அதிரக் கூடாது என்பதற்காகவே உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து வரும் கிட் அது. ஆனாலும் படத்தில் குண்டு வெடித்தபோது பொம்மை மெல்லத் தலையாட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த மாமா மட்டும் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, "சவுண்டு பரவாயில்லையே மாப்ளே, பொம்மையே ஆமாங்குது!" என்றார்.