பிரைவேட் என்று ஒரு டிக்

"அவிய என்ன, நம்ம நிரலைத் திறந்தா பாக்கப் போறாவ?" என்று கேட்டான் கூட வேலை பார்க்கும் தம்பி. கேள்வி நியாயம்தான். கோட்பெர்க் என்ற, நிரல் சேமித்து வைக்கும் இணையதளத்தில் போட நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் பில்லிங் மென்பொருள். மூலநிரல் ஆலைக்காரருடையது, வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம். அதை கோட்பெர்க்கில் பிரைவேட் ரெப்போவாக, அதாவது வெளியாருக்குத் தெரியாத நிரல் கிடங்காகப் போட்டால் காசும் இல்லை, விளம்பரமும் இல்லை, பின்தொடர்தலும் இல்லை என்றான். எல்லாம் உண்மை. ஆனால் கோட்பெர்க், பெர்லினில் பதிவான லாப நோக்கில்லாத சங்கம். சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுவது. கட்டற்ற மென்பொருள் (யாரும் பார்த்து மாற்றலாம் என்று திறந்துவைத்த நிரல்) திட்டங்களுக்குத் தேவையான ரகசியங்கள், வெளியிடும்வரை மறைத்து வைக்கும் வேலை, சொந்தக் குறிப்புகள், கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் மாதிரிச் சின்ன விஷயங்கள், இவற்றுக்குத்தான் அங்கே பிரைவேட். பிரைவேட் என்று டிக் அடிக்க விடுகிறது என்பதற்காக வாடிக்கையாளரின் மூடிய நிரலை ஏற்றலாம் என்று ஆகிவிடாது.

"நாலு எம்பிக்கா இவ்வளவு பேச்சு பேசுதிய?" என்றான். அளவைப் பார்த்தால் அவன் சொன்னது சரி. யாரோ கொடுத்த காசில் நம் வியாபாரம் நடக்கக் கூடாது என்று சொல்லி முடித்துவிட்டேன். பெரிய மனுஷத்தனம் என்று இப்போதும் சில நேரம் தோன்றும்.

ஆக, வண்ணார்பேட்டை ஆபீஸிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டியில் ஃபோர்ஜேயோ என்ற நிரல் கிடங்கு மென்பொருளை வைத்தோம். கோட்பெர்க் ஓடுவதும் அதே மென்பொருளில்தான். 2022 இறுதியில் கிட்டீ என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்தது. நாலு பேருக்கு எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், ராம் மெமரியும் சில நூறு எம்பிக்கு மேல் தின்பதில்லை. ஃபைபர் லைன் சிஜி-நாட்டுக்குப் பின்னால், அதாவது பலருக்கும் பொதுவான ஒரே இணைய முகவரியில் இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் போர்ட் ஃபார்வர்டு எடுபடாது. வாடகை சர்வர் ஒன்றில் வயர்கார்டு என்ற விபிஎன் (தனி இணைப்பு) போட்டு, ஆபீஸ் பெட்டியும் லேப்டாப்புகளும் அங்கே சேர்கின்றன. பெட்டியின் பக்கம் இணைப்பை உயிரோடு வைக்கும் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 வினாடி வைக்காவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் நாட் வழி மூடிக்கொள்ளும். உள்ளே யாரும் போக முடியாது.

கரண்ட் போனால் வேறு கூத்து. எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால், நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டின் ஆப்ஜெக்ட் கோப்புகள் சில பூஜ்ய பைட்டாகக் கிடக்கும். கிட் எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி, எது காலி என்று பார்த்து, அதை அழித்து, யாராவது ஒருவர் லேப்டாப்பில் உள்ள பிரதியிலிருந்து நிரப்ப வேண்டும். நிரல் எல்லோரிடமும் இருப்பதால் தப்பிக்கும். பிழைகளைக் குறித்து வைக்கும் இஷ்யூக்களும் விவாதங்களும் அப்படியல்ல, டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கின்றன. பேக்கப்பில் டேட்டாபேஸை எடுத்து ஆப்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பை விட்டால், அதிலுள்ள சீக்ரெட் கீ என்ற ரகசியச் சாவி போய்விடும். இரண்டு படி லாகின் சரிபார்ப்பு மொத்தமாக மாட்டிக்கொள்ளும். ஃபோர்ஜேயோ டம்ப் என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் தருகிறது. அதை ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி பூட்டி வெளியே அனுப்புகிறது.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. கிரிப்ட்பேட் என்ற இணைய ஆவணக் கருவியில் எழுதுவது பிரவுசரிலேயே பூட்டப்பட்டுப் போகும், சர்வர்காரருக்குத் தெரியாது. கிட் அப்படியில்லை. ரெப்போ எங்கே இருந்தாலும் அங்குள்ள அட்மினால் படிக்க முடியும். கோட்பெர்க்கில் முகம் தெரியாத சிலர் படித்திருக்கக்கூடியதை, இப்போது எங்களில் ஒருவன் படிக்கலாம். அந்த ஒருவன் அந்தத் தம்பிதான். எது கூடுதல் தனியுரிமை? அங்கே ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பார்ப்பார். இங்கே பெட்டி நின்றால் அவன் போன்தான் அடிக்கும். கொள்கை என்னுடையது, ராத்திரி வேலை அவனுடையது.

ஆலைக்காரரிடம் நாங்கள் கேட்கவே இல்லை என்பதும் உண்டு. கேட்டிருந்தால் காசு கொடுத்து வேறிடத்தில் வையுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். நான் சொன்ன நேர்மை செலவை மிச்சம் பிடிக்கும் வழியாகவும் இருந்தது என்று அவன் நினைக்கக்கூடும். இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ரெஸ்டிக் பாஸ்வேர்டு அவனிடம் மட்டும் இருந்தது. ஒரே பேக்கப்புக்கு இரண்டாவது சாவி சேர்க்க ரெஸ்டிக் விடும். சேர்த்து, என் பாஸ்வேர்டை எழுதி பீரோவில் வைக்கிறேன் என்றேன். "பீரோ சாவி எங்கிட்டல்லாண்ணே இருக்கு" என்றான்.