சர்வர் அறையைக் காலி செய்த கதை

கோலாலம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாமே. 2021 பிப்ரவரியில் மைடிஜிட்டல் என்ற மலேசிய அரசின் மின்னிலக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 2022 இறுதிக்குள் அரசுத் தரவில் 80 விழுக்காடு கிளவுடுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எங்கள் முறை அதற்கெல்லாம் வெகு பின்னால்தான் வந்தது. எல்லாவற்றையும் பொதுத்துறைத் தரவு மையத்துக்கு, அதாவது பி.டி.எஸ்.ஏ.வுக்கு, மாற்றிவிட்டு அறையை மூட வேண்டும்.

அறை என்றால், ஸ்டோராக இருந்த இடம். இரண்டு ஏர்கான் ராப்பகலாக ஓடும். ஒன்றின் கீழே வாளி. சர்வருக்கு ஒரு யூனிட் மின்சாரம் போனால் குளிரூட்ட, யு.பி.எஸ். ஓட்ட இன்னொரு யூனிட். மூடச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

பெட்டிகளை எண்ணுவது சுலபம். ஒவ்வொன்றிலும் ‘ஹக் கெராஜாஆன் மலேசியா’ (மலேசிய அரசின் உடைமை) ஸ்டிக்கர், பதிவு எண். உள்ளே என்ன ஓடுகிறது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. மூலையில் ஒரு டவர், அதாவது நிமிர்ந்து நிற்கும் பெட்டி சர்வர். அதில் விண்டோஸ் சர்வர் 2008. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிய சங்கதி. பணி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன்.

“அத மட்டும் கை வெச்சிடாதம்மா.”

“ஏண்ணே, என்னா ஓடுது அதுல?”

“தெரியாதுமா. ஆனா யாரோ யூஸ் பண்றாங்க லா.”

மாதக் கடைசிக் கணக்கு முடியும்வரை நெட்வொர்க் பதிவுகளைச் சேகரித்தோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேபிளை மட்டும் உருவினோம். பவரை அணைக்கவில்லை, அவ்வளவு பழைய டிஸ்க் நின்றால் மறுபடி சுற்றும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலை கிளை அலுவலகக் கவுண்டரிலிருந்து போன்: ரசீது வரவில்லை. ரசீதின் வரிசை எண் அந்த டவரிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதன் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண்ணை, நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். கேபிளைச் செருகிவிட்டு, நிரலில் எண்ணுக்குப் பதில் பெயரைப் போட்டு, பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ்.ஸில், பழைய பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை 86,400 விநாடியிலிருந்து 300க்கு இறக்கினோம், இடம் மாறினால் சீக்கிரம் தெரியட்டும் என்று. அதன் பிறகுதான் அதை நகர்த்தத் துணிந்தோம்.

தரவு வகைப்பாடு இன்னொரு கூத்து. தெர்புகா (பொதுவானது), தெர்ஹாட் (வரம்புக்குட்பட்டது), சூலிட் (அந்தரங்கம்), ரஹ்சியா (ரகசியம்), ரஹ்சியா பெசார் (பெரும் ரகசியம்) என்று பிரித்துத் தரச் சொன்னால், எதற்கு வம்பு என்று ஆளாளுக்கு ‘சூலிட்’ போட்டு அனுப்பினார்கள். கேண்டீன் டெண்டர் விளம்பரம்கூட சூலிட்! 1972 அதிகாரத்துவ ரகசியச் சட்டப்படி அப்படி முத்திரை குத்த முறைப்படி நியமிக்கப்பட்ட அதிகாரி வேண்டும், அவர் பெயரை எழுதுங்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன். பாதிக்குமேல் தெர்புகாவாகத் திரும்பி வந்தது.

மாற்றிய இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை தரவை ஒத்திசைத்தோம், விடிந்ததும் சோதித்தோம், ஓடியது.

அறைதான் இன்னும் காலியாகவில்லை. டிஸ்க்குகளை அழித்த சான்றிதழ் கையில் இருக்கிறது. வெறும் பெட்டிகள் பெலுபூசான், அதாவது அரசு உடைமையைக் கழித்துக்கட்டும், ஒப்புதலுக்காக நிற்கின்றன. நீங்களும் இதில் இறங்குவதாக இருந்தால், அந்தப் படிவங்களைச் சர்வரைத் தொடும் முன்பே தயார் பண்ணிவிடுங்கள்.