பாளையங்கோட்டையில் இருந்து நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ்: என் நாட்குறிப்பு

ஜனவரி 9, 2025, வியாழன்

இன்று காலை ஐந்தரைக்கு முதல் நேரலை வகுப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது புதன்கிழமை இரவு ஏழு மணி. நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸில் முதுகலை, மொத்தம் 36 கிரெடிட், முழுக்க ஆன்லைன். நோயாளியின் பக்கத்தில் நின்று நர்ஸ்கள் பார்க்கிற, அளக்கிற, எழுதுகிற தகவல் எப்படிப் பதிவாகிறது, யார் கைக்குப் போகிறது, அதை வைத்து அடுத்து வரும் நோயாளிக்கு என்ன நல்லது செய்யலாம் என்பதுதான் படிப்பு.

அமெரிக்கா போகலாம் என்று அங்குள்ள நர்ஸ் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ் எழுதித் தேறி, ஒரு மாநிலத்தின் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமமும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் வேலை வழியாக அங்கே குடியேறுவதற்கான இ.பி.-3 விசா வரிசை இந்தியர்களுக்கு எவ்வளவு மெதுவாக நகரும் என்று இந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். உரிமம் பீரோவில் கிடந்தது. இந்தப் படிப்பில் சேர முதலில் கேட்பதே அந்த உரிமத்தைத்தான். சரி, காத்திருக்கிற காலத்தில் படித்துவிடலாம் என்று விண்ணப்பித்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, விடியக்காலத்துல யாரு கூட இங்கிலீஷுல பேசிக்கிட்டு இருக்க?" வாத்தியாரம்மா கூட என்றேன். சட்டியில் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

"இந்தப் படிப்புக்கு இங்க மதிப்பு உண்டா?" வார்டில் ஒருவர் விடாமல் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து சிறப்புப் பிரிவுகள்: மருத்துவ அறுவை சிகிச்சை, சமூக நலம், மகப்பேறு, குழந்தைகள், மனநலம். இன்ஃபர்மேட்டிக்ஸ் அதில் இல்லை. யுஜிசியின் 2020 விதிமுறைப்படி நர்சிங்கை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுமதியும் இல்லை. அதனால் நர்சிங் கல்லூரியில் ஆசிரியர் வேலையை மனதில் வைத்து யாரும் இதில் பணம் போட வேண்டாம். கேட்ட தங்கைகளிடம் எல்லாம் இதைத்தான் சொன்னேன். மருத்துவமனை மென்பொருளில் வேலை பார்க்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் நர்ஸாக இருந்து அந்தப் பக்கம் நகர வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது.

ஆன்லைன் படிப்பு என்றதும் வங்கியில் கல்விக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் பருவக் கட்டணத்துக்கு என் சேமிப்பும் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் போயிருக்கின்றன. சங்கிலி நகைக்கடனில் இருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினிதான் தனியாக அழைத்து, "படிச்சு முடிச்சா சம்பளம் கூடுமா?" என்றாள். கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் படிக்கணும் என்றேன். "அப்ப படி" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த வாரப் பாடம் வரலாறு. 1989-இல் கிரேவ்ஸ், கார்கரன் என்ற இருவர் கணினி அறிவியல், தகவல் அறிவியல், செவிலிய அறிவியல் மூன்றும் சேர்ந்ததே இத்துறை என்று வரையறுத்தார்கள். 1992-இல் அமெரிக்க செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி மட்டும் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி.யில் விளக்கேந்திய சீமாட்டி என்று படித்தோம், விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம். கிரிமியப் போரில் காயத்தால் செத்த வீரர்களை விடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தவர்கள்தான் அதிகம் என்று 1858-இல் வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். 1860-இல் லண்டனில் நடந்த உலகப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்ற திட்டத்தையும் கொடுத்தார். நம் தொழிலின் முதல் ஆளே படிவம் வரைந்தவர்தான். இதையும் விளக்கோடு சேர்த்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

டேட்டாபேஸ் பாடம் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு அட்டவணை, மருந்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க ஓர் எண். அப்புறம் நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் குறியீடு தரும் ஸ்னோமெட், ஆய்வகச் சோதனைகளுக்கு லாயிங்க். இந்தியாவின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளும், 2013-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டவை, இவற்றைத்தான் சொல்கின்றன.

அந்தக் கண்ணோடு எங்கள் மருத்துவமனை மென்பொருளைத் திறந்து பார்த்தேன். அறை வாடகையை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. காப்பீட்டு எண்ணும் அப்படித்தான். நர்சிங் குறிப்பு எங்கே என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு காலிப் பெட்டி. படுக்கைப்புண் எந்த அளவில் இருக்கிறது, ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைத்தோம், சாப்பாடு இறங்கியதா, எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் கொட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு கணக்கும் எடுக்க முடியாது. இதை வடிவமைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவர்கள் உட்கார்ந்து பேசிய அறையில் கணக்குப் பிரிவு இருந்தது, நர்ஸ் இல்லை. நான் படிப்பது அந்த அறையில் ஒரு நாற்காலிக்காகத்தான்.

மார்ச் 13, வியாழன்

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நவம்பர் வரை எனக்கு வகுப்பு நாலரைக்கு. நைட் டூட்டி வாரங்களில் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பருவத் திட்டப்பணிக்கு ஒரு வார்டின் ஒரு வேலையை எடுத்து, அது நடக்கும் விதத்தைப் படிப்படியாக எழுத வேண்டும். நான் எடுத்தது வைட்டல்ஸ் பதிவு. நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கினேன். நோயாளி யார், எந்த ஊர் என்று இங்கும் எழுத மாட்டேன், அறிக்கையிலும் எழுதவில்லை.

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் நான்குக்கும் கருவி இருக்கிறது. அளவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. மூச்சு எண்ணிக்கைக்குக் கருவி இல்லை. நெஞ்சையோ வயிற்றையோ பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை 20, 20, 20. இது எங்கள் வார்டில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை, வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. போதாததற்கு எங்கள் மென்பொருள் முந்தைய அளவைத் தானே நிரப்பி வைக்கிறது. மாற்றாமல் விட்டால் பழைய 20 புது நேரத்தோடு பதிவாகிவிடும்.

நிமோனியாவோடு வந்த ஒரு வயதான அம்மாவிடம் நின்றேன். நன்றாகத்தான் பேசினார்கள், பேரனுக்குப் பொண்ணு பார்க்கிற கதை. பேச்சை நிறுத்தச் சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால் நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, பேசி ஓய்ந்த பிறகு கழுத்தடிக் குழியைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 26. திரையில் 20.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் 38.4, அதற்கு 1. நாடி 108, அதற்கு 1. ஆக்சிஜன் 93, அதற்கு 2. வெளியிலிருந்து ஆக்சிஜன் வைக்கவில்லை, மேல் அழுத்தம் 112, நினைவு தெளிவு, இவற்றுக்குப் பூஜ்யம். மூச்சு 20 என்றால் அதற்கும் பூஜ்யம், மொத்தம் 4. அதே மூச்சு 26 என்றால் 3, மொத்தம் 7. நாலு என்றால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஏழு என்றால் இடைவிடாமல் கவனிக்க வேண்டும், தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர்களை உடனே கூப்பிட வேண்டும். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். வந்து பார்த்து, ஆக்சிஜன் தொடங்கி, அன்றே ஐசியூவுக்கு மாற்றினார்.

எந்த நர்ஸையும் குறை சொல்லி அறிக்கை எழுதவில்லை. முப்பது பேர் உள்ள வார்டில் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை யாரும் டூட்டியில் ஒதுக்கவில்லை. மென்பொருளைத் திருத்தினால் பாதிதான் சரியாகும், ஆள் போட்டால்தான் மீதி. இதை அறிக்கையில் அழுத்தமாக எழுதினேன்.

மே 12, திங்கள்

செவிலியர் தினம். கேக் வெட்டினோம், ரோஜாப்பூ கொடுத்தார்கள்.

சாயங்காலம் நாங்குநேரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கும் சித்தி மகள் வந்திருந்தாள். கர்ப்பிணிகளை பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிவது அவள் வேலை. பன்னிரண்டு இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கூடவே வரும். அவள் பையில் டேப்லெட்டும் இருக்கிறது, தடித்த ரெஜிஸ்டரும் இருக்கிறது. "ரெண்டுலயும் எழுதணும்க்கா. சிக்னல் இல்லாத ஊர்ல ரெஜிஸ்டர்ல எழுதிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி ஏத்துவேன்." ஒரே தகவலை ஒருமுறைதான் பதிய வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் முதல் விதி. அவளோ பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரண்டாவது முறை பதிகிறாள். அந்த எண்ணின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கர்ப்பிணி எந்த ஊருக்குப் பிரசவத்துக்குப் போனாலும் அவளுடைய முந்தைய பதிவுகள் கூடவே போவது பெரிய காரியம். அதை ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிற பெண்ணின் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

கணினி நின்றுபோனால் என்ன செய்வது என்பது இந்த வாரப் பாடம். அமெரிக்கத் தோழி சூறாவளியைப் பற்றி எழுதினாள். நான் 2023 டிசம்பர் 17, 18-ஐ எழுதினேன். தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்த அந்த இரண்டு நாளில் எங்கள் கீழ்த்தளத்திலும் தண்ணீர் ஏறியது, சர்வரை நிறுத்தினார்கள். யாருக்கு எத்தனை மணிக்கு ஆன்டிபயாடிக் போட்டோம் என்பது திரையோடு போய்விட்டது. மூத்த சிஸ்டர் ஒருவர் நோட்டைத் திறந்து, படுக்கை படுக்கையாகப் போய், மருந்து டப்பாவையும் சலைன் பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்டரையும் பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் வார்டு ஓடியது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வார்டுக்கும் நோயாளிப் பட்டியலும் அடுத்த மருந்து நேரமும் தானாகப் பிரிண்ட் ஆகி இருக்க வேண்டும், பிரிண்டர் மேல்தளத்தில் இருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. செலவு என்று பார்த்தால் காகிதமும் மையும்தான்.

ஜூன் 19, வியாழன்

மேடம் கூப்பிட்டார்கள். மென்பொருள் ஆட்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்களாம், "நீயும் வந்து உக்காரு" என்றார்கள். மூச்சு எண்ணிக்கையில் பழைய அளவு தானாக நிரம்பக் கூடாது, அந்தக் கட்டத்தைத் தொட்டால் அறுபது நொடிக் கடிகாரம் ஓட வேண்டும், நியூஸ்-2 மதிப்பெண் ஐந்தைத் தொட்டால் வார்டு திரையில் சிவப்பில் தெரிய வேண்டும், படுக்கைப்புண்ணுக்குத் தனிப் பக்கம் வேண்டும். கூடவே முப்பது நோயாளிக்கு அரை மணி நேரம் என்ற கணக்கையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அது மேடத்துக்கு. செவ்வாய் எனக்கு நைட் டூட்டி, மாற்றிக்கொள்ள ஆள் பார்த்துவிட்டேன்.